‘ஓம் அக்கா’ என்று சொல்லிவிட்டு வராமல் போகிற பிள்ளை: பழகியவர்கள் எழுதுங்கள்

மேக்கப் அக்கா, கொக்குவில்

போன கிழமை ஒரு தம்பி போன் எடுத்து, "அக்கா, அந்தப் பிள்ளையை மெயின் ரோலுக்கு எடுக்கலாமோ, ஆள் எப்படி?" என்று கேட்டான். எனக்குப் பதில் வரவில்லை. நல்ல பிள்ளை என்று சொன்னாலும் அரைப் பொய், கவனமாக இரு என்று சொன்னாலும் அரைப் பொய். பிறகு கதைக்கிறேன் என்று வைத்துவிட்டேன். அதனால்தான் இங்கே எழுதுகிறேன். இங்கே குறும்படங்களில் நடிக்கிற பிள்ளை, பெயர் சொல்லமாட்டேன். யாருக்காவது ஆள் விளங்கினாலும் தயவு செய்து பெயரைப் போடாதீர்கள், யாழ்ப்பாணம் சின்ன ஊர்.

நான் மணப்பெண் அலங்காரம் செய்கிறவள். கலியாணம் குறைந்த மாதங்களில் குறும்படம், பாட்டு வீடியோ என்று யார் கூப்பிட்டாலும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவேன். அவளை முதலில் கண்டது போன வருடம் ஆனி மாதம், மணற்காட்டு ஷூட்டிங்குக்குப் போன நாள். திருநெல்வேலிச் சந்தியில் காலை 4 மணிக்கு வான். நான் 3.50க்குப் போனால் பூட்டின கடைக்கு முன்னால் தன் பையின் மேலேயே குந்திக்கொண்டிருக்கிறாள், பக்கத்தில் ஒரு பெரிய பிளாஸ்க். எல்லாருக்கும் பிளேன்ரீ ஊற்றிக்கொண்டு வந்திருந்தாள். நடிக்க வருகிற பிள்ளை ரீ கொண்டுவந்ததை நான் அன்றுதான் பார்த்தேன்.

மணல் மூடின பழைய தேவாலயத்துக்குப் பின்னால் சூரியன் வருகிற வெளிச்சத்தில் எடுப்பதுதான் திட்டம். ஆனால் சோளகக் காற்று எழும்பிவிட்டால் மணற்காட்டில் மேக்கப்பெல்லாம் கனவு. 9 மணிக்குள் அவளுடைய முகம் ரவையில் பிரட்டின மீன் மாதிரி ஆகிவிட்டது. துடைத்துத் துடைத்துப் போட்டேன், ஒரு தரம்கூட முகம் சுளிக்கவில்லை. காட்சி என்னவென்றால், கடலுக்குப் போன புருஷன் திரும்பி வரவில்லை, இவள் மணலில் ஓடி விழுந்து கத்தி அழ வேண்டும். பதினொரு தரம் ஓடி விழுந்தாள். பிறகு எழும்பி மணலைத் தட்டிக்கொண்டே டைரக்டரிடம் சொல்கிறாள், "அண்ணை, கடலுக்குப் போனவரைத் தேடுறவள் ஓடமாட்டாள். நிப்பாள். ஓடினா அவர் இல்லை எண்டு தானே முடிவெடுத்த மாதிரிப் போயிடும்."

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. வராமல் இருக்குமா, அத்தனை பேருக்கு முன்னால். ஆனாலும் ஒரு தரம் அவள் சொன்னபடி எடுத்தார்கள். சும்மா நின்றாள், அவ்வளவுதான். எனக்குச் சாமான் அடுக்குகிற கை நின்றுவிட்டது. அந்த ஷொட் படத்தில் இல்லை, அது வேறு விஷயம். ஓடுகிற ஷொட்டைத்தான் வைத்தார்கள்.

இப்போது மற்றப் பக்கம். அவளுடைய திறமையைப் பார்த்து, ஒரு சேலைக்கடை விளம்பரத்துக்கு நானே அவளுடைய பெயரைச் சொன்னேன். "ஓம் அக்கா, ஆறு மணிக்கு நிப்பன்" என்றாள். ஆறு, ஏழு, எட்டு. போன் ஓஃப். கடைக்காரர் திட்டியது என்னை. எட்டுக்குப் பிறகு வந்து, பஸ் பழுதாகி நடுவழியில் நின்றுவிட்டது என்று கதை விடுகிறாள். கழுத்தோரம் வேறு யாரோ போட்ட பவுண்டேசன் துடைபடாமல் கிடக்கிறது. பதினைந்து வருடமாக முகத்தோடு வேலை செய்கிறவளுக்கு அது தெரியாதா? விடியப்புறம் வேறு ஒரு ஷூட்டிங்குக்குப் போய்விட்டு வந்திருக்கிறாள். இரண்டு பேருக்கும் ஓம் சொல்லியிருக்கிறாள்.

அதோடு என்னுடைய மாம்பழ மஞ்சள் சேலை ஒன்றை ஓடிசனுக்கு என்று வாங்கிக்கொண்டு போனவள், ஐந்து மாதமாகிறது. சரி, அது சின்ன விஷயம். (இல்லை, சின்ன விஷயம் இல்லை. நல்ல சேலை.)

சவுண்ட் பொடியன்

அக்கா, எனக்கு ஆள் விளங்கிவிட்டது. வேறு ஆளாக இருந்தாலும் பரவாயில்லை, என் கதையும் இதே மாதிரித்தான்.

நான் டப்பிங் எடுத்த ஒரு குறும்படத்தில் அவர் வட்டுக்கோட்டையில் இருக்கிற ஒரு இளம் தாய். வசனம் எழுதியவர் சீரியல் நிறையப் பார்ப்பார் போல, "ஏன்டா இப்படிப் பண்ற, என்கிட்ட பேசு" என்று எழுதி வைத்திருந்தார். இவர் மைக்குக்கு முன்னால் நின்றுகொண்டு சிரிக்கிறார். "வட்டுக்கோட்டையில எந்த அம்மா அண்ணை பண்ணுற எண்டு சொல்லுவா? ஏன் இப்பிடிச் செய்யிறாய், என்னோட கதை எண்டுதானே கேப்பா?" இந்தியாவிலும் ஆட்கள் பார்க்க வேண்டும், அவர்களுக்கு விளங்காது என்று டைரக்டர் சொன்னார். "விளங்காட்டி கீழ எழுத்துப் போடுங்கோ" என்றார் இவர்.

சொன்னது நூற்றுக்கு நூறு சரி. ஆனால் சிரித்துக்கொண்டு சொன்னார் பாருங்கள், அதுதான் பிழைத்தது. தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தால் அந்த மனிதர் மாற்றியிருப்பார், நல்ல மனிதர்தான். அடுத்த நாள் வேறு ஒரு பிள்ளையைக் கொண்டுவந்து குரல் கொடுக்க வைத்தார்கள். யாரும் இவருக்குச் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. படம் போட்ட அன்று மண்டபத்தில் இருந்து பார்த்துத்தான் தெரிந்துகொண்டார், தன்னுடைய வாயும் வேறு ஒருத்தியின் குரலும். முடிந்ததும் என்னிடம் வந்து, "லிப் நல்லாப் பொருந்தியிருக்கு அண்ணை" என்று மட்டும் சொன்னார். நான் வேறெங்கோ பார்த்தேன்.

இதில் பகிடி என்னவென்றால் ஆறு மாதம் கழித்து சென்னைக்கு அனுப்ப ஒரு ஓடிசன் வீடியோ எடுத்துத் தரச்சொல்லி வந்தார். "ஹாய், என் பேரு... எனக்கு நடிக்கணும்னு ரொம்ப ஆசை" என்று தொடங்கினார். நான் ரெக்கோர்டிங்கை நிற்பாட்டிவிட்டு முகத்தைப் பார்த்தேன். "வயித்துப்பாடு அண்ணை, எடுங்கோ" என்றார். எடுத்தேன்.

லீவில் வந்தவன்

எல்லாரும் உருகுகிறீர்கள். நான் உருகமாட்டேன்.

சுவிஸில் இருந்து மூன்று கிழமை லீவில் வந்து, சேர்த்து வைத்த காசில் ஒரு குறும்படம் எடுக்க முயன்றவன் நான். நல்லூர்ப் பக்கம் நடுவில் முற்றம் வைத்த ஒரு பழைய நாற்சார் வீடு, சொந்தக்காரர் ஒரு நாளைக்குத்தான் தருவேன் என்றார். முதல் நாள் இரவு ஏழு மணிக்கும் போன் எடுத்துக் கேட்டேன். "ஓம் அண்ணை, கட்டாயம் வருவன், யோசிக்காதேங்கோ." காலையில் போன் ஓஃப். கமரா, லைட், ஜெனரேட்டர், சாப்பாடு எல்லாம் வந்து நிற்கிறது, நடிகை இல்லை. பின்னேரம் நாலு மணி வரைக்கும் முற்றத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். ஆட்கள் சும்மா இருந்து கொத்துரொட்டி சாப்பிட்டார்கள், அதுக்கும் காசு நான்தான். ஒரு கிழமை கழித்துக் காய்ச்சல் என்று ஒரு மெசேஜ். காய்ச்சல் வந்தால் ஒரு வார்த்தை சொல்லலாம்தானே? லீவு முடிந்து திரும்பிவிட்டேன். படம் இன்னும் எடுபடவில்லை.

கஷ்டப்படுகிற பிள்ளை என்பது விளங்குகிறது. நானும் இரவு வேலை செய்து சேர்த்த காசுதான்.

பெயர் வேண்டாம்

அண்ணை, உங்கள் கோபம் நியாயம். ஆனால் அன்றைக்கு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். நானும் அவளும் திருநெல்வேலியில் ஒரே அறையில் ஒன்றரை வருடம் போர்டிங்கில் இருந்தவர்கள்.

அவளுடைய வீடு வேலணைத் தீவில். பகலில் புடைவைக் கடையில் காஷியர் வேலை. வீட்டுக்குத் தெரிந்தது அந்த வேலை மட்டும்தான். நீங்கள் சொல்கிற அந்த நாள் விடிய ஐந்து மணிக்குத் தாயும் மாமாவும் வந்து வாசலில் நின்றார்கள், யாரோ பாட்டு வீடியோ ஒன்றை மாமாவின் போனுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அதில் ஒன்றும் இல்லை, ஒரு பொடியனோடு சைக்கிளில் போகிறாள், அவ்வளவுதான். போனைப் பிடுங்கினார்கள், வேலணைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். திரும்பி வர ஐந்து நாள்.

காய்ச்சல் பொய்தான். அவள் ஏன் உண்மையைச் சொல்லவில்லை என்று நானும் கேட்டேன். "வீட்டில பிரச்சினை எண்டு ஒருக்காச் சொன்னா பிறகு ஒருத்தரும் கூப்பிடமாட்டினம். காய்ச்சல்காரியை இன்னொருக்காக் கூப்பிடுவினம்" என்றாள். கணக்கு அவளுக்குச் சரியாகத்தான் தெரிகிறது. அதே கணக்கில்தான் எல்லாருக்கும் ஓம் சொல்வதும். முடியாது என்று ஒருவருக்குச் சொன்னால் அந்தக் கதவு மூடிவிடும் என்று ஒரு பயம் அவளுக்கு, சோற்றுக்குக் காசில்லாத நாட்களைவிட அந்தப் பயம் பெரிது.

அதுக்காக அவளைத் தெய்வம் என்று சொல்லவில்லை. பொறாமைக்காரி. தனக்கு வரவேண்டிய ரோல் இன்னொரு பிள்ளைக்குப் போனபோது ஒரு கிழமை முழுக்க அந்தப் பிள்ளையின் மூக்கு, நடை, அப்பா வரைக்கும் வைத்து வாங்கினாள். கேட்கவே கூச்சமாக இருந்தது. படம் வந்ததும் காசு கொடுத்து இரண்டு தரம் போய்ப் பார்த்தாள். வந்து இரவு பதினொரு மணிக்கு லைட்டைப் போட்டு என்னை எழுப்பி, "இங்க பார், அவள் கதவைத் திறக்கிற சீனில பிழை விட்டிட்டாள், இப்பிடித் திறந்திருக்கோணும்" என்று எங்கள் அறைக் கதவைத் திறந்து திறந்து காட்டினாள். எனக்கு அடுத்த நாள் காலை சோதனை. கடன் வாங்குவாள், திருப்பித் தருவாள், ஆனால் நீங்கள் மறந்த பிறகு. சம்பளம் கிடைத்த அன்று ஆறு பேருக்குப் பிட்டும் கணவாய்க் கறியும் வாங்கி வருவாள், இருபதாம் தேதி என்னிடம் பஸ் காசு கேட்பாள்.

வாசகர் மட்டும்

ஒரே நாளில் இரண்டு வேலை ஒத்துக்கொள்கிற கமராக்காரப் பொடியன்கள் எத்தனை பேர் இங்கே இருக்கிறார்கள். அவர்களை ‘பிஸி’ என்கிறோம். சும்மா ஞாபகம் வந்தது.

மேக்கப் அக்கா, கொக்குவில்

அவர்களையும் நான் திட்டுகிறேன் தங்கச்சி. அவர்கள் என் சேலையைக் கொண்டுபோகவில்லை.

ஓய்வுபெற்ற நாடக ஆசிரியர்

வணக்கம் பிள்ளைகள். இது என் மாணவிதான் என்று நம்புகிறேன். உயர்தரத்தில் நாடகமும் அரங்கியலும் படித்தவள்.

குரல்தான் அவளுடைய சொத்து. மைக் இல்லாமல் மண்டபத்தின் கடைசி வரிசைக்குக் கேட்கும். 1978இல் நாடகாசிரியர் குழந்தை ம. சண்முகலிங்கம் தொடங்கிய நாடக அரங்கக் கல்லூரியின் வழிவந்த பயிற்சிகளைத்தான் நான் வகுப்பில் கொடுப்பேன், மூச்சு, விளையாட்டு, ஒருவர் விழ மற்றவர் தாங்குவது. அதில் அவள் எப்போதும் தாங்குகிற பக்கம்தான் நிற்பாள். விழு என்றால் விழமாட்டாள். இரண்டு வருடத்தில் ஒரு தரம்கூட முழுதாகச் சாய்ந்ததில்லை, கால் ஒன்று பின்னால் ஊன்றியிருக்கும். இப்போது நீங்கள் எழுதியதை வாசிக்கும்போது அந்தக் கால்தான் கண்ணுக்குள் நிற்கிறது.

கமராவில் அவளுக்கு ஒரு குறை உண்டு, யாரும் எழுதவில்லை. புருவம். மேடைக்குப் பழகிய முகம், கடைசி வரிசைக்காரனுக்கும் தெரிய வேண்டும் என்று புருவத்தைத் தூக்குவாள், குளோசப்பில் அது பயங்கரமாக இருக்கும். நான் சொன்னேன். மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை. நாலாம் நாள் வந்து, நெற்றியில் செலோடேப் ஒட்டிக்கொண்டு கண்ணாடிக்கு முன்னால் பழகுவதாகச் சொன்னாள். குறை சொன்னால் முதலில் முகத்தைத் தூக்குவாள், பிறகுதான் கேட்பாள். இந்தத் தொழிலில் அந்த மூன்று நாளைப் பொறுக்க யாருக்கும் நேரம் இல்லை.

2022 ஆடி மாதம் ஞாபகம் இருக்கிறதுதானே, எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூஆர் கோட் வந்து மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் பெற்றோல் என்று இருந்த காலம். ஒத்திகைக்கு நகரத்தில் இருந்தவர்களே பிந்தி வந்தார்கள். இவள் வேலணையில் இருந்து பண்ணைப் பாலத்தால் சைக்கிளில் வந்தாள். வரும்போது காற்று தள்ளும், திரும்பிப் போகும்போது சோளகம் முகத்தில் அடிக்கும். பன்னிரண்டு ஒத்திகை, ஒன்றுக்கும் பிந்தவில்லை. ஆகவே நேரம் தவறுவது அவளுடைய பிறவிக் குணம் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். அந்த நாட்களில் அவள் ஓம் சொல்லியிருந்தது அந்த ஒரு நாடகத்துக்குத்தான்.

நடிகர் வி. வி. வைரமுத்து அரிச்சந்திரனாக நடித்த காலத்து மயான காண்டம் பார்த்தவன் நான். அந்த நாட்களில் இசை நாடகத்தில் பெண் வேடத்தையும் ஆண்கள்தான் கட்டினார்கள். சந்திரமதி அழுதால் சனம் சேர்ந்து அழும், விடிந்ததும் அந்தச் சந்திரமதி சாரத்தைக் கட்டிக்கொண்டு கடைக்குப் போய்ப் பாண் வாங்குவார், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். இவளுக்கு அந்த வசதி இல்லை.

லீவில் வந்தவன்

வீட்டுக்கதை எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் நாலு மணி வரைக்கும் இருந்திருக்கமாட்டேன், வீட்டுச் சீன்களை அவர் இல்லாமல் எடுத்திருக்கலாம். கோபம் அப்படியே இருக்கிறது. வருகிற தை மாதம் திரும்பி வருகிறேன், முதல் சனிக்கிழமை அதே வீட்டைக் கேட்டிருக்கிறேன். யாராவது அவருக்குச் சொல்லுங்கள்.

புது உறுப்பினர்

அறைக்காரி லிங்க் அனுப்பினாள், முழுக்க வாசித்தேன்.

அக்கா, சேலை கழுவி, மடித்து, ஒரு பையில் போட்டு என் பெட்டிக்குள் இருக்கிறது. கரையில் ஒரு இடத்தில் சின்னதாகக் கிழிந்துவிட்டது. அதைத் தைத்துத் தர நல்ல ஆள் தேடித்தான் ஐந்து மாதம். விளம்பரத்துக்கு நான் வந்தது எட்டுக்குப் பிறகு இல்லை, 7.45. பஸ் பொய்.

சேர், செலோடேப் நெற்றியில் இல்லை, புருவத்துக்கு மேல்.

சுவிஸ் அண்ணை, காய்ச்சல் என்று சொன்னது பிழைதான். தை முதல் சனிக்கிழமை எனக்கு ஏலாது, கடையில் கணக்கெடுப்பு, லீவு தரமாட்டார்கள். ஞாயிறு என்றால் வருவேன். வீட்டுக்காரரிடம் ஞாயிறைக் கேட்டுப் பாருங்கள்.

மேக்கப் அக்கா, கொக்குவில்

எந்த இடத்தில் கிழிஞ்சது? முந்தானையிலோ?