மான்டெலுகாஸ்ட் போட்டா ராத்திரி அலறுவாங்களா?

கோவை அம்மா:
பையனுக்கு 8 வயசுங்க. மார்கழிப் பனி வந்தாலே தும்மல், இளைப்பு. டாக்டர் மான்டெலுகாஸ்ட் 5 மி.கி., சப்பிச் சாப்பிடுற மாத்திரை, ராத்திரி ஒண்ணு எழுதினார். இளைப்பு அடங்கிருச்சு. ஆனா நாலு நாளா நடுராத்திரி எந்திரிச்சு "பல்லி, பல்லி"ன்னு அலறறான். சுவத்துல பல்லியே இல்ல. மாத்திரையாலயா?

மருந்துக்கடைக்காரர்:
இருக்கலாம்ங்க. கெட்ட கனவு, எரிச்சல், மனச்சோர்வு வரலாம்னு 2020ல அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எஃப்.டி.ஏ. கட்டம் கட்டி எச்சரிச்சிருக்கு. காலைல முதல் வேலையா டாக்டருக்குப் போன் போடுங்க. இன்ஹேலர் எழுதியிருந்தா அதை நீங்களா நிறுத்தாதீங்க.

ரெண்டு பிள்ளைக்காரி:
என் பொண்ணும் இப்படித்தான் பண்ணுனா. டாக்டர் மருந்தை மாத்தினதும் சரியாச்சு. அப்புறம், திடீர்னு மூச்சு முட்டினா இந்த மாத்திரை உதவாதுங்க. சால்பியூட்டமால் பம்ப்தான். தலைமாட்டுலயே வச்சுக்கங்க.

கோவை அம்மா:
பேசிட்டேன். இன்னைக்கு மாத்திரை வேண்டாம், நாளைக்குக் கூட்டிட்டு வாங்கன்னார்.