நூறு யூனிட் இலவசம் எங்கள் வாசல் வரை வரவில்லை

வடசென்னையில் நாங்கள் குடியிருந்தது மூன்று போர்ஷன் வீடு. மின் இணைப்பு ஒன்றுதான். யார் எவ்வளவு செலவழிக்கிறார் என்று அளக்க போர்ஷனுக்கு ஒரு சப்-மீட்டர். யூனிட்டுக்கு ஒன்பது ரூபாய் என்று குடிவந்த அன்றே வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். முன்பணம் கொடுத்த பிறகு யார் வாதாடுவது?

பின் போர்ஷனில் தனியாக ஒரு பாட்டி. முதியோர் உதவித்தொகை மாதம் 1200 ரூபாய். ஒரு மின்விசிறி, டிவி, மகள் விட்டுச்சென்ற பழைய ஃபிரிட்ஜ், இவ்வளவுதான். மே மாதத்தில் ஒரு நாள் நள்ளிரவில் தண்ணீர் பிடிக்க எழுந்தேன். வாசற்படியில் உட்கார்ந்து ஓலை விசிறியால் வீசிக்கொண்டிருந்தார். "ஃபேன் போட்டால் கரண்ட் பில் ஏறுமே அம்மா" என்றார். அந்த முறை இரண்டு மாதத்துக்கு அவர் கட்டியது 140 யூனிட்டுக்கு 1260 ரூபாய். ஒரு மாத உதவித்தொகைக்கும் மேலே!

மனம் பொறுக்காமல் இணைப்பு எண்ணை வைத்து உண்மையான பில்லைப் பார்த்தேன். தண்ணீர் மோட்டாரையும் சேர்த்து இரண்டு மாதத்துக்கு 560 யூனிட், 2544 ரூபாய். எங்கள் மூன்று வீட்டின் 520 யூனிட்டுக்கு வீட்டுக்காரர் வசூலித்தது 4680 ரூபாய்.

கேட்டேன். காலி செய்யச் சொன்னார். பலமுறை பேசிய பின் பில்லை அப்படியே பங்கிடச் சம்மதித்தார். பாட்டியின் பங்கு சுமார் 685 ரூபாயாகக் குறைந்தது. ஆனால் அதுவும் நியாயமில்லை. 2016 மே மாதம் தமிழக அரசு அறிவித்த, இரண்டு மாதத்துக்கு நூறு யூனிட் இலவசம் இணைப்புக்குத்தான், குடும்பத்துக்கு அல்ல. மூன்று குடும்பமும் ஒரே நூறைப் பங்கிட்டோம். போதாததற்கு, மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டியதால், அடுத்த நூறு யூனிட்டுக்கான 2.35 ரூபாய் விகிதம் யாருக்கும் கிடைக்கவில்லை, கணக்கே 4.70-இல் தொடங்கியது. பாட்டிக்குத் தனி இணைப்பு இருந்திருந்தால் 2024 ஜூலைக் கட்டணப்படி இலவச நூறு போக மீதி நாற்பது யூனிட்டுக்கு 94 ரூபாய் கட்டினால் போதும். வாடகை வீட்டில் இருக்கிற ஏழைக்குத்தான் இந்த நாட்டில் மின்சாரம் விலை அதிகம் என்று அன்று எனக்குத் தோன்றியது.

மறுமொழி, சேலத்திலிருந்து:

நான் வீட்டு உரிமையாளர். எங்கள் மாடியிலும் சப்-மீட்டர்தான் இருந்தது. மூன்று வருடத்துக்கு முன் தனி இணைப்புக்கு விண்ணப்பித்தேன். தனி வாசலும் தனிச் சமையலறையும் இருக்கின்றனவா என்று நேரில் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். வயரிங், வைப்புத்தொகை எல்லாம் என் செலவு. தனி இணைப்பு கொடுத்தால் குடியிருப்பவர் வீட்டுக்கு உரிமை கொண்டாடுவார் என்று அண்டை வீட்டார் பயமுறுத்தினார்கள். மின் இணைப்பு வேறு, சொத்துரிமை வேறு. இப்போது குடியிருப்பவரே தன் பில்லைக் கட்டுகிறார். பாதி பில்களில் கட்ட வேண்டிய தொகையே இருப்பதில்லை.

மறுமொழி, முதலில் எழுதியவர்:

ஐயா, விண்ணப்பத்தோடு என்னென்ன ஆவணங்கள் கொடுத்தீர்கள், மொத்தம் எவ்வளவு செலவானது என்று எழுதுங்கள். பழைய வீட்டுக்காரரிடம் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். நாங்கள் வீடு மாறிவிட்டோம், பாட்டி இன்னும் அங்கேதான் இருக்கிறார்.