கடல்பாசி எடுக்க முங்கும் பெண்களுக்கு மூச்சை அடக்கும் கும்பகம் சொல்லித் தரலாமா?

பாம்பன்கரை:
சின்னப்பாலம் பக்கம் பாசிக்குப் போற பெண்களுக்கு யோகா வகுப்பு வைக்கிறதா இருந்தா, ஆசனத்துல நாளைக் கடத்தாம நேரே மூச்சுக்குப் போகணும்னு சொல்றேன். படகுல இருந்து இறங்குறதுக்கு முன்னால கபாலபாதி (வயித்தை உதறி மூச்சை வேகமா வெளிய தள்ளுறது) 60 தடவை, பிறகு தம் பிடிச்சு முங்கணும். மரிக்கொழுந்துப் பாசியைப் பாறையில இருந்து பிய்க்க பத்து விநாடி கூடக் கிடைச்சா அது கூலியா வரும். திருமந்திரத்துல திருமூலர் பூரகம் (மூச்சை இழுக்கறது) 16 மாத்திரை (ஒரு கால அளவு), கும்பகம் (அடக்கறது) 64, ரேசகம் (விடறது) 32ன்னு கணக்கே கொடுத்திருக்கார். யோக சூத்திரம் எழுதின பதஞ்சலியோட சமாதி ராமேஸ்வரத்துலன்னு மரபு சொல்லுது. நம்ம மண்ணு வித்தை நம்ம கடலுக்கு உதவாதா?

மண்டபம்அலை:
அண்ணே, எண்ணம் நல்லது. ஆனா படகுல கபாலபாதிங்கறதை தயவுசெஞ்சு எடுத்துருங்க, உயிர் போயிரும். மூச்சு முட்டுறது பெரும்பாலும் கரியமிலவாயு ஏறுறதால, ஆக்ஸிஜன் குறையறதால இல்லை. சும்மா இருக்கும்போதே ரத்தத்துல ஆக்ஸிஜன் 97, 98 சதவீதம் நிரம்பித்தான் இருக்கு. வயித்தை உதறி 60 தடவை ஊதினா ஆக்ஸிஜன் பெருசா ஏறாது, கரியமிலவாயு மட்டும் இறங்கிரும். அதுக்கப்புறம் முங்கினா முட்டலே தெரியாது. கை பாசியைப் பிடிச்சிருக்கும், உடம்பு நல்லாத்தான் இருக்கும், அப்படியே நினைவு தப்பிரும். இடுப்பளவு தண்ணி போதும் அதுக்கு. ஆழத்துல இருந்து ஏறும்போது தண்ணியோட அழுத்தம் குறைய, நெஞ்சுல மிச்சமிருக்கற ஆக்ஸிஜனோட அழுத்தமும் சரியும். மேல வந்து சேர்ற நேரத்துல மயங்குறது அதனாலதான். நீங்க சொல்ற பத்து விநாடி, உடம்பு கொடுக்கற எச்சரிக்கையை அமுக்கி வாங்கற பத்து விநாடி.

ஏர்வாடிஓரம்:
நூல் பக்கமும் பார்ப்போம். கபாலபாதி பிராணாயாமமே அல்ல. 15-ம் நூற்றாண்டு ஹடயோக பிரதீபிகையில் தௌதி, வஸ்தி, நேதி, திராடகம், நௌலி ஆகியவற்றோடு ஆறாவது சுத்திக் கிரியையாக வருகிறது. சிங்கம், யானை, புலியைப் பழக்குவதுபோல் மூச்சைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வசப்படுத்த வேண்டும், இல்லாவிட்டால் பழகுகிறவரையே கொன்றுவிடும் என்று அதே நூல் எச்சரிக்கிறது. பதஞ்சலிக்கும் ஆசனம் கைகூடிய பிறகுதான் பிராணாயாமம். அவர் ஓர் ஆசனத்தின் பெயரையும் சொல்லவில்லை. அசையாமல் சுகமாக இருக்க வேண்டும், அவ்வளவே. திருமூலரும் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் (பகுதியில்) பத்திரம், கோமுகம், பங்கயம், சுகாதனம் என்று ஆதனங்களைச் சொல்லிவிட்டே மூச்சுக்கு வருகிறார். மாத்திரையை ஒரு விநாடி என்று வைத்தாலும் அவர் கணக்கில் ஒரு சுற்று 112 விநாடி. உட்கார்ந்த இடத்தில் அசையாதவருக்குச் சொன்னது அது. நீரோட்டத்தில் கைகால் அடிக்கிறவருக்கு அல்ல.

பதஞ்சலியைச் சிதம்பரமும் கொண்டாடுகிறது. ஊர்ப் பெருமை இருக்கட்டும், அதை வைத்துப் பயிற்சியை முடிவு செய்ய முடியாது.

பாம்பன்கரை:
படகு விஷயத்தை விட்டுட்டேன், தம்பி சொல்றது சரி. ஆனா வழக்கமான வகுப்பு மாதிரி மூச்சை ஒதுக்கிட்டு சூரிய நமஸ்காரம் 12 சுத்துன்னு ஆரம்பிக்கறதை ஒத்துக்க மாட்டேன். அதை ஊர் ஊரா பரப்பினது 1920-கள்லதான், மகாராஷ்டிரப் பக்கம் ஔந்து சமஸ்தான ராஜா. 1897 ஜனவரி 26 பாம்பன்ல வந்திறங்கின விவேகானந்தர், அதுக்கு முந்தின வருஷம் வந்த ராஜயோகம் நூல்ல மூச்சையும் தியானத்தையும்தான் முன்னால வச்சார்.

மண்டபம்அலை:
சூரிய நமஸ்காரத்தை நானும் கேக்கலைண்ணே. ஒரு சுத்துல ரெண்டு முன்குனிவு, 12 சுத்துக்கு 24. நாள் முழுக்கக் குனியற இடுப்புக்கு அது எதுக்கு? எதிர்ப்பக்கமா வளையணும். குப்புறப் படுத்து, முழங்கையைத் தோளுக்கு நேர் கீழ ஊன்றி, அடிவயிறு தரையை விடாம நெஞ்சை மட்டும் தூக்கற அரைப் புஜங்காசனம். அஞ்சு மூச்சு, மூணு தடவை. கையை முழுசா நீட்டித் தள்ளினா பாரம் அடி இடுப்புல விழும், தோள் காதுக்கு ஏறிரும். அங்கதான் வலி ஆரம்பிக்கும்.

காஞ்ச மணல்லயும் வேண்டாம். கையை ஊன்றுற ஆசனத்துல உள்ளங்கை அடி புதைஞ்சு மணிக்கட்டு அதிகமா மடங்கும். சமமான தரையில பனையோலைப் பாய், அது மேல ஒரு போர்வை மடிச்சுப் போட்டாப் போதும்.

மூச்சுக்கு, சுகாசனத்துல (சம்மணம் போட்டு உக்காந்து) 4 எண்ணி இழுத்து 8 எண்ணி விடட்டும். தம் பிடிக்கவே கூடாது. சாப்பிட்டு மூணு மணி நேரம் கழிச்சு, கரையில மட்டும்.

பாம்பன்கரை:
மூணு மாசம் அப்படிப் பழகினவங்களுக்கு 4 இழுத்து, 4 நிறுத்தி, 8 விடலாம்ல?

ஏர்வாடிஓரம்:
ரத்த அழுத்தம் இருப்பவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அந்த 4 கூட வேண்டாம், ஐயா. மற்றவர்களுக்கு அப்போது பார்க்கலாம். எனக்கு இன்னும் அரைமனதுதான்.

மண்டபம்அலை:
அதுக்கு முன்னால வகுப்புல முதல் நாளே இதைச் சொல்லணும்: ஒருத்தி முங்கினா இன்னொருத்தி மேல நின்னு பார்க்கணும், அவ ஏறி வந்த பிறகும் அரை நிமிஷம் கண்ணை எடுக்கக் கூடாது. முங்கின நேரத்தைப் போல ரெண்டு மடங்காவது மேல இருந்து மூச்சு வாங்கிட்டுத்தான் அடுத்த முங்கு.