கேஸ் எல்லாம் தெரிகிறது, ப்ராப்ளம் கொஸ்டினில் மட்டும் மார்க் விழவில்லை

மஞ்சள்மார்க்கர் கேட்டது:

வணக்கம். சட்டப்படிப்பில் இரண்டாவது செமஸ்டர். பள்ளியில் முழுக்கத் தமிழ் வழி. ஒப்பந்தச் சட்ட இன்டர்னலில் 20க்கு 6 வாங்கியிருக்கிறேன். படிக்காமல் போயிருந்தால் வருத்தமில்லை. விளம்பரத்தில் அறிவித்த பரிசைக் கேட்டுப் போட்ட கார்லில் வழக்கு வரும் என்று எதிர்பார்த்துப் போனேன், அதை ஒட்டித்தான் கேள்வியும் வந்தது. இரண்டரைப் பக்கம் எழுதினேன். பேப்பரில் ஆசிரியர் எழுதிய ஒரே வரி: "கதையை எனக்கே திருப்பிச் சொல்லியிருக்கிறாய்."

நான் படிப்பது இப்படித்தான்: ஒரு தீர்ப்பை மூன்று முறை படிப்பேன், முக்கியமான இடங்களில் மஞ்சள் கோடு. புத்தகத்தில் இப்போது கோடு போடாத இடம்தான் குறைவு. இரவு பன்னிரண்டு வரை உட்காருகிறேன். இன்னும் எவ்வளவு நேரம் படிக்க வேண்டும்? இல்லை, இந்தப் படிப்பே எனக்கு ஒத்துவராதா?

கடைசிபெஞ்ச் எழுதியது:

இவ்வளவு யோசிக்காதீர்கள். சீனியர்களிடம் பழைய விடைகளை வாங்கி மனப்பாடம் செய்யுங்கள். நான் அப்படித்தான் பாஸ் ஆனேன்.

பழைய_அரியர் எழுதியது:

மேலே உள்ள யோசனை தியரி கேள்விக்கு ஓரளவு கைகொடுக்கும். ப்ராப்ளம் கொஸ்டினில், அதாவது ஒரு சம்பவத்தைக் கொடுத்துச் சட்டப்படி என்ன முடிவு என்று கேட்கும் கேள்வியில், ஒரே ஒரு விவரத்தை மாற்றிக் கேட்டாலே மனப்பாடம் செய்தவர் விழுந்துவிடுவார். விழுந்தவள் சொல்கிறேன், கேளுங்கள்.

பதினாறு வருடமாக வக்கீல் தொழிலில் இருக்கிறேன். முதலாண்டில் இதே ஒப்பந்தச் சட்டத்தில்தான் எனக்கு அரியர். கேள்வி இன்றும் நினைவிருக்கிறது. ஒருவர் தன் நாய் காணவில்லை என்று பரிசு அறிவித்து நோட்டீஸ் ஒட்டுகிறார். அதைப் பார்க்காமலேயே பக்கத்து வீட்டுக்காரர் நாயைக் கண்டுபிடித்து ஒப்படைக்கிறார். அப்புறம்தான் நோட்டீஸ் கண்ணில் படுகிறது. பரிசைக் கேட்க முடியுமா?

'பரிசு' என்ற சொல்லைப் பார்த்ததும் எனக்குக் கை பரபரத்தது. கார்லில் வழக்கை ஒன்றுவிடாமல் எழுதினேன்: கார்பாலிக் அமிலம் போட்ட ரப்பர் பந்து, அதை மூக்கில் வைத்து உறிஞ்சுவது, இன்ஃப்ளூயன்ஸா, 100 பவுண்டு பரிசு, வங்கியில் போட்டு வைத்த 1,000 பவுண்டு. மூன்று பக்கம். ஆனால் கேள்விக்குத் தேவைப்பட்டது 1913ஆம் ஆண்டு லால்மன் சுக்லா வழக்கு. காணாமல் போன பையனைத் தேடி முதலாளி அனுப்பிய குமாஸ்தா, பரிசு அறிவிப்பு வந்தது தெரியாமலே பையனைக் கண்டுபிடிக்கிறார். அறியாத முன்மொழிவை (ஆஃபர்) ஏற்க முடியாது என்று பரிசை மறுத்தார்கள். அந்த வழக்கையும் நான் படித்துத்தான் இருந்தேன்! 'குமாஸ்தா, பையன்' கதையாகப் படித்திருந்ததால் நாயைப் பார்த்தபோது அது ஞாபகத்துக்கு வரவில்லை.

பிறகு சீனியர் ஒருவர் எனக்கு ஒரு வேலை கொடுத்தார். தீர்ப்பைப் படித்து முடித்ததும் மூடி வைத்துவிட்டு, நீதிமன்றத்தின் முன் இருந்த கேள்வியை ஒரே வாக்கியமாகத் தமிழில் எழுத வேண்டும். அந்த வாக்கியம் 'ஆ' என்று முடிய வேண்டும். "முன்மொழிவு இருப்பதே தெரியாதவர் அதை ஏற்றதாகச் சொல்ல முடியுமா?" "விளம்பரம் முன்மொழிவு ஆகுமா?" 'ஆ' வராமல் நீண்டுகொண்டே போனால் நாம் இன்னும் கதையைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறோம் என்று அர்த்தம். தமிழ் வழியில் வந்த உங்களுக்கு இது வசதி. முதலில் தமிழில் பிடித்துவிட்டு அப்புறம் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோங்கள்.

டோனஹ்யூ - ஸ்டீவன்சன் வழக்கு உங்களுக்குச் சீக்கிரம் வரும். இஞ்சி பீர் பாட்டிலில் நத்தை. 1932இல் தீர்ப்பு. எல்லாரும் நத்தையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுவார்கள். அந்தப் பாட்டிலில் நத்தை இருந்ததா என்பது கடைசி வரை நிரூபிக்கப்படவே இல்லை. இருந்தது என்றே வைத்துக்கொள்வோம், அப்படியென்றால் தன்னிடம் நேரடியாக வாங்காதவரிடமும் தயாரிப்பாளருக்குக் கவனக் கடமை, அதாவது தீங்கு வராமல் பார்த்துக்கொள்ளும் சட்டப் பொறுப்பு, உண்டா? சட்டக் கேள்வி அவ்வளவுதான். நத்தை இல்லாமலே சட்டம் பிறந்துவிட்டது, நாம்தான் அதை விடமாட்டோம் என்கிறோம். அந்தத் தீர்ப்பு மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் வந்தது. ஒத்துக்கொள்ளாத இரண்டு நீதிபதிகள் சொன்னதையும் படியுங்கள். "எதிர்த்தரப்பு என்ன வாதிடும்?" என்ற பகுதிக்கு அங்கேதான் சரக்கு கிடைக்கும். முதலாண்டில் யாரும் அந்தப் பக்கங்களைத் திருப்புவதில்லை.

எழுதும் முறைக்கு ஐராக் சொல்லிக்கொடுத்திருப்பார்கள்: இஷ்யூ, ரூல், அப்ளிகேஷன், கன்க்ளூஷன். இதில் மார்க் கிடப்பது மூன்றாவதில், விதியைக் கேள்வியின் விவரங்களோடு பொருத்திக் காட்டும் இடத்தில். உங்கள் பேப்பரை எடுத்து 'ஏனெனில்' என்ற பொருளில் எத்தனை இடத்தில் எழுதியிருக்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். என் அரியர் பேப்பரில் ஒன்றுகூட இல்லை. விதியைச் சொன்னேன், முடிவைச் சொன்னேன், இரண்டையும் கட்டும் கயிறு இல்லை.

மஞ்சள் மார்க்கரைப் பற்றி: திரும்பத் திரும்பப் படிக்கும்போது பக்கம் பழகிவிடும், பழகியது தெரிந்தது போலத் தோன்றும். 2006இல் ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் இதைச் சோதித்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது மறுபடி படித்தவர்கள் முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பழகியவர்கள் முந்திவிட்டார்கள். தேர்வு ஐந்து நிமிடத்தில் வருவதில்லையே. ஆகவே நேரத்தைக் கூட்ட வேண்டாம். மூன்று முறை படிப்பதை ஒரு முறையாக்கி, மீதி நேரத்தில் புத்தகத்தை மூடிவிட்டுப் பழைய வினாத்தாள் கேள்வி ஒன்றுக்கு விடை எழுதுங்கள். பன்னிரண்டு மணி வரை உட்காராதீர்கள், தூங்குங்கள்.

அப்புறம், ஆசிரியரிடம் போங்கள். "புரியவில்லை சார்" என்று போனால் அவர் பாடத்தை முதலிலிருந்து தொடங்குவார், உங்களுக்கும் தூக்கம் வரும். திருத்தி எழுதிய ஒரு பத்தியைக் கையில் கொண்டுபோய், "இந்த அப்ளிகேஷனில் என்ன குறைகிறது?" என்று கேளுங்கள். ஐந்து நிமிடத்தில் வேலை முடியும்.

ஆமைவேகம் எழுதியது:

அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். எனக்கு எழுத்துகள் குழம்பும், டிஸ்லெக்சியா. படிக்கும் வேகம் மற்றவர்களில் பாதி. கல்லூரியில் சொல்ல வெட்கப்பட்டு ஒரு வருடத்தை வீணாக்கினேன். கடைசியில் மருத்துவச் சான்றோடு எழுதிக் கொடுத்தேன், தேர்வில் கூடுதல் நேரம் கிடைத்தது. இப்படி ஏதாவது இருக்குமோ என்று சந்தேகம் இருந்தால் இப்போதே கேட்டுவிடுங்கள், தேர்வு வாரத்தில் போய் நிற்காதீர்கள்.

பேர் ஆக்ட் (விளக்கவுரை இல்லாமல் சட்டப் பிரிவுகள் மட்டும் உள்ள புத்தகம்) படிக்க நான் செய்வது: பிரிவை அப்படியே விழுங்காமல் முதலில் சின்னச் சொற்களை மட்டும் வட்டமிடுவேன். 'அண்ட்' வந்தால் எல்லா நிபந்தனையும் வேண்டும், 'ஆர்' வந்தால் ஒன்று போதும். 'ப்ரொவைடட்' வந்தால் விதிவிலக்கு. 'நாட்வித்ஸ்டாண்டிங்' வந்தால், மற்ற பிரிவு என்ன சொன்னாலும் இதுதான் மேலே. பிறகு ஒவ்வொரு நிபந்தனையையும் தனித்தனி வரியில் எழுதினால் அரைப்பக்கப் பிரிவும் நாலைந்து கேள்வியாகிவிடும். குரூப் ஸ்டடி எல்லாருக்கும் ஒத்துவரும் என்று நம்பவேண்டாம். ஆறு பேர் உட்கார்ந்தால் ஒருவர் பேசுவார், ஐந்து பேர் தலையாட்டுவார்கள். எனக்கு இரண்டு பேர் போதும், விடைத்தாளை மாற்றித் திருத்திக்கொள்வோம்.

மஞ்சள்மார்க்கர் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. நேற்று இரவு அக்காவின் நாய்க் கேள்வியைப் புத்தகத்தை மூடிவிட்டு எழுதிப் பார்த்தேன். 25 நிமிடம். மொத்தம் 34 வரி, அதில் 19 வரி நாயின் கதை. 'ஏனெனில்' ஒன்றே ஒன்று. சிரிப்பு வந்துவிட்டது.

ஒரு சந்தேகம். பக்கத்து வீட்டுக்காரர் நாயைப் பிடித்துக்கொண்டு வரும் வழியில், ஒப்படைக்கும் முன்பே நோட்டீஸைப் பார்த்துவிட்டால்? லால்மன் சுக்லா அப்போதும் பொருந்துமா?

பழைய_அரியர் எழுதியது:

இந்தச் சந்தேகத்தை விடைத்தாளில் எழுதியிருந்தால் 6 வந்திருக்காது.

பதிலை நான் சொல்லப் போவதில்லை. இரண்டு துப்பு தருகிறேன். நோட்டீஸ் கேட்டது கண்டுபிடிப்பதையா, கொண்டுவந்து ஒப்படைப்பதையா? குமாஸ்தாவுக்குத் தேடுவதே வேலை, பக்கத்து வீட்டுக்காரருக்கு அப்படி ஒரு கடமை இருந்ததா? இருதரப்புக்கும் வாதம் எழுதுங்கள். நாயின் கதைக்கு மூன்று வரிக்கு மேல் கிடையாது. எழுதி இங்கேயே போடுங்கள், ஞாயிறு காலை கேஸ் கட்டு எதுவும் இல்லை, பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.