இறகு உரிந்து கையோடு வந்த கதை

நானே செய்த முதல் டஜன் அம்புக்கு நான் பூசியது ஆளிவிதை எண்ணெய். 11/32 அங்குலத் தடிமனுள்ள செடார் மரத் தண்டு. துணியில் தொட்டு இரண்டு முறை தேய்த்ததும் மரத்தின் ரேகை எழுந்து நின்றது. அவ்வளவு அழகு! ஒரு வாரம் காயவிட்டு இறகு ஒட்டினேன். மூன்றாம் நாள் தூணியிலிருந்து ஓர் அம்பை எடுக்கும்போது இறகு முழு நீளத்துக்கும் உரிந்து கையோடு வந்தது. அடியில் பசை கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருந்தது. மரத்தை அது பிடிக்கவே இல்லை.

அன்றிலிருந்து பசையை முதலில் முடிவு செய்கிறேன், சாயமும் மேல்பூச்சும் அதற்குப் பிறகுதான். என் பசை நைட்ரோசெல்லுலோஸ் வகை. அதற்கு லாக்கர் என்ற பளபளப்பு மேல்பூச்சு பொருந்துகிறது. பசையில் உள்ள கரைப்பான் லாக்கரைச் சற்றே இளக்கி உள்ளே பிடித்துக்கொள்ளும். பாலியூரித்தேன் என்ற வேறு மேல்பூச்சு அடித்த தண்டில் இறகு உட்காரும் இடத்தை மட்டும் 400 உப்புத்தாளால் பளபளப்புப் போகத் தேய்த்துவிட வேண்டும்.

சாயத்துக்கு முன் தண்டை உப்புத்தாளால் தேய்ப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். டிரில்லில் மாட்டிச் சுழற்றினால் வேலை சீக்கிரம் முடியும், ஆனால் குறுக்கே கீறல் விழும். வெறும் மரத்தில் அது தெரியாது. சாயம் பட்டதும் வளையம் வளையமாகத் தெரியும். கடைசியாக 320-ஐக் கையில் பிடித்து, ரேகை போகும் திசையிலேயே நீளவாக்கில் இழுங்கள். தண்ணீரில் கரைத்த சாயம் என்றால் முன்னதாக ஈரத்துணியால் ஒருமுறை துடைத்துக் காயவிட்டு, எழும்பிய நாரை லேசாகத் தேய்த்து எடுத்துவிடுங்கள்.

லாக்கரை ஊற்ற ஒரு முனை அடைத்த நீளக் குழாய் போதும். தண்டை அதில் முக்கி, மெதுவாக உருவ வேண்டும். வேகமாக இழுத்தால் கனமாக ஒட்டி, வழிந்து, நுனியில் முத்துக் கட்டும். மெல்லிசாக மூன்று கோட். ஜன்னல்கள் திறந்திருக்கட்டும், பக்கத்தில் நெருப்பு கூடாது.

—

அண்ணா, என் அனுபவம் வேறு. வால்நட் என்ற அடர் பழுப்பு நிறம் பிடிக்கும் என்று எல்லாத் தண்டுக்கும் அடர்த்தியாக ஏற்றினேன். ஒரு நாள் எய்வதற்கு முன் அம்பைக் காதருகே பிடித்து லேசாக வளைத்தபோது 'டிக்' என்று சத்தம். இறகு முடியும் இடத்துக்குக் கீழே மயிரிழை விரிசல். சாயம் அதை முழுசாக மூடியிருந்தது. அதை நாணில் ஏற்றியிருந்தால் உடைந்த துண்டு வில் பிடித்த கைக்குள்ளேயே போயிருக்கும். இப்போது சாயத்துக்கு முன்பே ஒவ்வொரு தண்டையும் சுற்றிச் சுற்றி வளைத்துப் பார்க்கிறேன். அடர் நிறத்தை இறகுப் பக்கம் மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

—

முதலில் எழுதியவர் ஆளிவிதை எண்ணெய் என்றதும் எனக்கும் எழுதத் தோன்றியது. துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்து தொட்டால் நடுவில் சுட்டது. அந்த எண்ணெய் காயும்போதே சூடு கிளம்பும், சுருட்டிய துணிக்குள் அது தேங்கித் தானாகவே தீப்பிடிக்கக்கூடும். இப்போதெல்லாம் துணியை வெளியே கொண்டுபோய் ஒற்றை மடிப்பும் இல்லாமல் விரித்துக் காயப்போட்ட பிறகுதான் கை கழுவுகிறேன்.