பழைய ஜாய்ஸ்டிக் ரிப்பேர்: உதிரி பாகத்தை எந்தப் பெயரில், எந்த அளவில் தேடுவது?

பொத்தான்பித்தன்:

மூன்று பழைய ஜாய்ஸ்டிக்குகள் ரிப்பேருக்கு நிற்கின்றன.

முதலாவது அட்டாரி வீடியோ கேம் கன்சோலின் சிஎக்ஸ்40. மேல் திசை அறவே இல்லை, இடது விட்டு விட்டு வருகிறது. தண்டை ஆட்டினால் உள்ளே ஏதோ உடைந்து உருளும் சத்தம். இரண்டாவது அதே அட்டாரியின் சிஎக்ஸ்30 பேடில் (திருகு குமிழால் ஆடும் கருவி) ஜோடி. குமிழைத் தொடாமலே திரையில் மட்டை நடுங்குகிறது. மூன்றாவது காம்பெட்டிஷன் ப்ரோ வகை ஜாய்ஸ்டிக், உள்ளே திசைக்கு ஒன்றாக மைக்ரோஸ்விட்ச் (கிளிக் என்று அழுந்தும் சிறு ஸ்விட்ச்) உள்ளது. ஒரு ஸ்விட்சில் கிளிக் சத்தம் போய்விட்டது, அதன் மேலிருந்த எழுத்தும் அழிந்துவிட்டது.

ஜாய்ஸ்டிக் பெயரைப் போட்டுத் தேடினால் 'ரிப்பேர் கிட்' என்று வருகிறதே தவிர, அதில் எது எனக்குத் தேவை என்று புரியவில்லை. மல்டிமீட்டரும் சால்டரிங் அயர்னும் கைவசம் உண்டு. எதை என்ன பெயரில் தேடலாம்?

ஒன்பதுமுனை:

தேடுவதற்கு முன் அளந்து பாருங்கள். இந்த வகை ஜாய்ஸ்டிக்கில் பல சமயம் கோளாறு கேபிளில்தான் இருக்கும். அப்போது உள்ளிருக்கும் சர்க்யூட் போர்டை மாற்றி ஒரு பயனும் இராது.

சிஎக்ஸ்40-இன் 9 முனை பிளக்கில் 1 மேல், 2 கீழ், 3 இடது, 4 வலது, 6 ஃபயர் (சுடும் பொத்தான்), 8 கிரவுண்ட் (எல்லாவற்றுக்கும் பொதுவான வயர்). மீட்டரை ஓம் அளவில் வைத்து, ஒரு முனையை 8-இலும் மற்றதை ஒவ்வொரு திசை முனையிலுமாக வைத்துத் தண்டைத் தள்ளுங்கள். போர்டின் மேல் ஒட்டியிருக்கும் உலோகக் குமிழ் (அழுத்தினால் குழிந்து தொடர்பு தரும் சிறு தகடு) நன்றாக இருந்தால் சில ஓம்தான் காட்டும். 50, 100 என்று எகிறினால் அழுக்கு. ஒன்றுமே காட்டாவிட்டால் அடியிலுள்ள 4 ஸ்க்ரூக்களைக் கழற்றித் திறந்து, போர்டிலேயே அளங்கள். போர்டில் வருகிறது, பிளக்கில் வரவில்லை என்றால் கேபிள் அறுந்திருக்கிறது. திறக்கும்போது கவிழ்த்தபடியே திறக்க வேண்டும், இல்லாவிட்டால் ஃபயர் பொத்தானின் ஸ்பிரிங் துள்ளி ஓடிவிடும்.

பிளக்கின் எண் வரிசையில் பலரும் தடுக்கி விழுகிறார்கள். ஜாய்ஸ்டிக் பக்கம் இருப்பது துளை உள்ள பிளக். 5 துளை வரிசை மேலே இருக்கும்படி நேராகப் பார்த்தால் 1 வலது ஓரத்தில் வரும், இடது ஓரத்தில் அல்ல.

கேபிள் பெரும்பாலும் பெட்டிக்குள் நுழையும் இடத்தில்தான் உள்ளுக்குள் அறும், வெளித்தோல் அப்படியே இருக்கும். அதில் 5 செ.மீ. வெட்டி எறிந்துவிட்டு மீண்டும் இணைத்தாலே பல சமயம் போதும். முழுதாக மாற்ற வேண்டுமானால் 'மெகா டிரைவ் எக்ஸ்டென்ஷன் கேபிள்' (சேகா கேம் கன்சோலின் நீட்டிப்பு கேபிள்) என்று தேடுங்கள். 9 வயர் இருக்கும், பிளக்கும் ஸ்க்ரூ இல்லாத ஒல்லியான வார்ப்பு. கணினி சீரியல் கேபிளின் பிளக்கில் இரு பக்கமும் ஸ்க்ரூ இருப்பதால் கன்சோல் குழிக்குள் முழுதாக இறங்காது. 'நல் மோடம்' வகை கேபிள் கிடைத்தால் இன்னும் மோசம், உள்ளே வயர்கள் குறுக்கு மாறுக்காக ஓடும்.

அசல் சிஎக்ஸ்40-இல் மேல் வெள்ளை, கீழ் நீலம், இடது பச்சை, வலது பழுப்பு, ஃபயர் ஆரஞ்சு, கிரவுண்ட் கருப்பு. புது கேபிளிலோ நகல் ஜாய்ஸ்டிக்கிலோ நிறத்தை நம்பாதீர்கள், ஒவ்வொன்றையும் மீட்டரில் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

உள்ளே உருளுவது அநேகமாகத் தண்டின் அடியிலுள்ள வெள்ளை பிளாஸ்டிக் பாகம். உலோகக் குமிழ்களை அழுத்தும் கால்களில் ஒன்று முறிந்திருக்கும். பசை போட்டு ஒட்டினால் நிற்காது, விசை முழுவதும் அந்த முறிவில்தான் விழுகிறது. அதை மாற்றியே ஆக வேண்டும். மேல் திசை போனதற்கு அதுவே காரணமாகவும் இருக்கலாம். விரலால் குமிழை நேராக அழுத்திப் பாருங்கள். அப்போது வேலை செய்தால் போர்டு நலம்.

கரிப்பாதை:

பேடிலுக்கு வருகிறேன். உள்ளே இருப்பது 1 மெகா ஓம் லீனியர் (சீராக மாறும்) பொட்டென்ஷியோமீட்டர், சுருக்கமாக பாட்: திருப்பத் திருப்ப மின்தடை மாறும் பாகம். நடுக்கம் வந்தவுடன் மாற்ற வேண்டியதில்லை, கரித் தடத்தில் தூசியும் பழைய கிரீஸும் படிந்தால் இப்படித்தான் ஆகும். பாட்டின் கால்களுக்கு அருகில் சிறு இடைவெளி இருக்கும். மசகு கலந்த கான்டாக்ட் கிளீனரை அதன் வழியாக ஒரு பீய்ச்சு விட்டு, குமிழை முழு வீச்சில் 20, 30 முறை திருப்பிவிட்டு உலர விடுங்கள். துரு நீக்கும் பொது எண்ணெய் ஸ்பிரே வேண்டாம். முதல் வாரம் அற்புதமாக இருக்கும். பிறகு அந்த எண்ணெயே தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

அப்புறம் மீட்டரில் அளங்கள்: பிளக்கில் 7-க்கும் 9-க்கும் இடையே ஒரு பேடில், 7-க்கும் 5-க்கும் இடையே மற்றது. மெல்லத் திருப்பும்போது எண் படிப்படியாக ஏறினால் சரி. நடுவே திடீரென எல்லையில்லாமல் காட்டினால் தடம் தேய்ந்துவிட்டது, புது பாட் வாங்கத்தான் வேண்டும்.

வாங்கும்போது மூன்றைக் கவனியுங்கள். மதிப்பு முதலில்: கமடோர் 64 கணினியின் பேடிலில் சுமார் 470 கிலோ ஓம், அட்டாரியில் 1 மெகா ஓம். அதைக் கழற்றி இதில் போட்டால் மட்டை திரையின் ஒரு பகுதியிலேயே நின்றுவிடும். அடுத்தது லீனியரா என்பது. இப்போது பொதுவாக பி என்று அச்சிட்டால் லீனியர், ஏ என்றால் ஒலிக்கருவி வகை. பழைய ஐரோப்பிய தயாரிப்புகளில் ஏ-தான் லீனியர். ஆகவே எழுத்தை விடுங்கள். நடுவில் நிறுத்தி அளந்தால் மொத்தத்தில் பாதி காட்ட வேண்டும், அவ்வளவுதான். கடைசியாகத் தண்டின் விட்டம். 6 மிமீ-யும் 6.35 மிமீ-யும் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும், ஆனால் குமிழ் ஒன்றில் தளரும், மற்றதில் ஏறவே ஏறாது. காலிப்பரில் அளந்துவிட்டு வாங்குங்கள்.

கணினியின் 15 முனை அனலாக் ஜாய்ஸ்டிக்கை ரிப்பேர் செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதில் 100 கிலோ ஓம், ஆப்பிள் II-இல் 150. அவற்றில் தண்டு முழுச் சுற்று சுற்றாது, பாட்டின் ஒரு சிறு பகுதியைத்தான் பயன்படுத்தும். பழையதைக் கழற்றுமுன் இரு கோடியிலும் என்ன காட்டுகிறது என்று குறித்து வையுங்கள். சில மாடல்களில் குறுகிய கோணத்திலேயே முழு மதிப்பும் மாறும் பிரத்யேக பாட் இருக்கும். அதற்கு பதிலாக சாதாரண பாட் போட்டால் வீச்சு பாதிகூட வராது.

கிளிக்சத்தம்:

மைக்ரோஸ்விட்சில் எழுத்து அழிந்தால் கவலையில்லை, அளவுதான் அதன் பெயர். இரு ஸ்க்ரூ ஓட்டைகளின் மையங்களுக்கு இடையே அளங்கள். 22.2 மிமீ நீளவாக்கிலும் 10.3 மிமீ குறுக்கிலும் இருந்தால், ஆர்கேட் இயந்திரங்களில் வரும் 27.8 மிமீ நீள வகை. 9.5 மிமீ என்றால் 20 மிமீ நீளச் சின்னது. 6.5 மிமீ என்றால் மவுஸில் வரும் 12.8 மிமீ வகை. இவற்றை எந்த மின்னணு உதிரி விற்பனையாளரிடமும் தேடலாம், ஜாய்ஸ்டிக் பெயரே தேவைப்படாது.

ஓட்டை சரியாக இருந்தும் ஸ்விட்சின் மேலுள்ள நெம்புகோலின் நீளம் மாறினால் திசை எப்போதும் அழுந்தியே கிடக்கும், அல்லது அழுந்தவே அழுந்தாது. பழைய நெம்புகோலைக் கழற்ற முடிந்தால் புதியதில் அதையே மாட்டுங்கள்.

இன்னொன்றை யாரும் சொல்வதில்லை: ஆம்பியர் அதிகமானது நல்லது என்று 10, 16 ஆம்பியர் ஸ்விட்ச் வாங்குகிறார்கள். இங்கே ஓடுவது மில்லி ஆம்பியர் கணக்கு. பெரிய ஸ்விட்சின் வெள்ளித் தொடர்பில் படியும் படலத்தை அந்தச் சிறு மின்னோட்டத்தால் உடைக்க முடியாது. சில மாதங்களில் விட்டு விட்டு வரும். 0.1 ஆம்பியர் என்று குறித்த, தங்க முலாம் தொடர்புள்ளதைக் கேளுங்கள்.

மூன்று கால்களில் பொதுக்காலையும், அழுத்தும்போது சேரும் காலையும் இணைக்க வேண்டும். மற்றதில் இணைத்தால் தண்டைத் தொடாதபோதே அந்தத் திசை ஓடும். கால் அகலம் 2.8 மிமீ-யா 4.8 மிமீ-யா என்று பார்த்து அதற்கேற்ற கிளிப் வாங்குங்கள். ஒன்று போனால் நான்கு திசைக்கும் சேர்த்தே மாற்றுவது என் கட்சி. இல்லாவிட்டால் ஒரு பக்கம் மட்டும் கை உணர்வு வேறாக இருக்கும்.

பொத்தான்பித்தன்:

சிஎக்ஸ்40-ஐத் திறந்துவிட்டேன். ஒன்பதுமுனை சொன்னபடியே ஒரு கால் முறிந்திருக்கிறது. மேல் குமிழை விரலால் அழுத்தினால் 3 ஓம். இடது குமிழ் 40-க்கும் 300-க்கும் இடையே தாவுகிறது. குமிழ்களை மூடியிருந்த டேப் காய்ந்து பாதி உரிந்துவிட்டது. சாதாரண இன்சுலேஷன் டேப் போடலாமா? வெள்ளை பாகத்தை 3டி அச்சில் எடுத்தால் தாங்குமா?

ஒன்பதுமுனை:

இன்சுலேஷன் டேப் வேண்டாம். அதன் பசை சூட்டில் வழிந்து குமிழுக்கு அடியில் போய்விடும், பிறகு இடது மட்டுமல்ல, ஐந்தும் போகும். கேப்டன் (Kapton) என்ற சூடு தாங்கும் டேப் அல்லது மெல்லிய பாலியஸ்டர் டேப் போடுங்கள்.

டேப்பை முழுதாக உரித்து, ஐந்து குமிழ்களையும் எடுங்கள். போர்டிலும் குமிழின் உட்பக்கத்திலும் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் நனைத்துத் துடையுங்கள். கறை போகாவிட்டால் வெள்ளை அழிரப்பரால் மெல்லத் தேயுங்கள். உப்புத்தாள் வேண்டவே வேண்டாம், முலாம் போய்விட்டால் செம்பு வெளியே வந்து மீண்டும் மீண்டும் கறுக்கும். குமிழின் விளிம்பு வெளி வளையத்தில் மட்டும் உட்கார வேண்டும், நடுப்புள்ளியை அழுத்தும்போது மட்டுமே தொட வேண்டும். ஒரு மிமீ நகர்ந்தாலும் திசை நிரந்தரமாக ஒட்டிக்கொள்ளும். ஆகவே ஒவ்வொன்றையும் ஒட்டியவுடன் மீட்டரில் பாருங்கள், ஐந்தும் ஒட்டிய பிறகு அல்ல. அழுத்தினால் டக் என்று குழிந்து எழாத குமிழ் சோர்ந்துவிட்டது. விட்டத்தை அளந்து 'மெட்டல் டோம்' என்று தேடினால் கிடைக்கும்.

கிளிக்சத்தம்:

3டி அச்சு தாங்கும், ஆனால் படுக்க வைத்து அச்சிட வேண்டும். நிறுத்தி அச்சிட்டால் அடுக்குகள் தண்டுக்குக் குறுக்கே அமையும். பக்கவாட்டில் இழுத்ததும் அடுக்கோடு பிளக்கும். அச்சு பிளாஸ்டிக்குகளில் பிஎல்ஏ நொறுங்கும், பிஇடிஜி அல்லது நைலான் எடுங்கள், உட்புறம் முழுதாக நிரப்பி. ஆனாலும் வார்ப்பில் செய்த மாற்று பாகம் கிடைத்தால் நான் அதைத்தான் வாங்கச் சொல்வேன்.

பூட்டும்போது ரப்பர் உறைக்கும் தண்டுக்கும் நடுவே சிலிக்கோன் கிரீஸ் துளி போதும். வாசலின் தடவினால் இயற்கை ரப்பர் ஊதித் தளர்ந்துவிடும். அடி ஸ்க்ரூக்களை முன்னே இருந்த பழைய மரைத் தடத்தில் எதிர்த்திசையில் (கழற்றும் பக்கம்) ஒரு சுற்று சுற்றி, தடம் விழுந்ததும் முறுக்குங்கள். புதுத் தடம் வெட்டினால் பிளாஸ்டிக் தூண் பிளந்துவிடும்.