போர் தண்ணி உப்பாயிடுச்சு, மாடி மழைத்தண்ணிய என்ன பண்றது? (சீர்காழி பக்கம்)

கொள்ளிடக்கரையான்:
எல்லாருக்கும் வணக்கம். வீடு சீர்காழிக்குக் கிழக்கால, கடல்ல இருந்து ஒரு 7 கிலோமீட்டர் இருக்கும். மொட்டை மாடி 1100 சதுர அடி. அப்பா காலத்துல போட்ட போர் 120 அடி, அஞ்சாறு வருஷம் முன்னாடி வரைக்கும் டீ போட்டா திரியாம இருந்துச்சு, இப்ப வாயில வைக்க முடியல, குளிச்சா சோப்பு நுரைக்கவே மாட்டேங்குது. குடிக்க கேன் தண்ணி வாங்குறோம், நாலு பேருக்கு மாசம் எவ்வளவு ஆகுதுன்னு சொன்னா வயிறு எரியும். மாடித் தண்ணிய சேமிக்கலாம்னு ஒரு கான்ட்ராக்டர்ட்ட கேட்டேன், கொல்லையில 5க்கு 5 அடி குழி எடுத்து ஜல்லி கொட்டி பைப்ப விட்டுடலாம், ரெண்டு வருஷத்துல போர் இனிச்சிடும்ங்கிறாரு. எங்க மண்ணு சுத்தமான களிமண்ணு, வெயில் காலத்துல கால் நுழையுற அளவுக்கு வெடிக்கும். குழி வேலை செய்யுமா? செஞ்சவங்க யாராச்சும் சொல்லுங்க.

குடந்தைவாசி:
செய்யாது சார், காச கொட்டாதீங்க. 2003ல மழைநீர் சேகரிப்பு கட்டாயம்னு சட்டம் வந்தப்ப எங்க தெருவுல எல்லாரும் இதே குழியத்தான் எடுத்தோம், வீட்டு வரி ரசீதுக்கு பயந்துக்கிட்டு. ஐப்பசி பொறந்து நாலு நாள் அடைமழை புடிச்சா எங்க பக்கம் நாலடி தோண்டினாலே ஊத்து வந்துடும், அப்புறம் அந்த குழிக்குள்ள எங்க போய் தண்ணி இறங்கும், கொல்லை முழுக்க நின்னு கொசு வளத்துச்சு. மெட்ராஸ்ல மணல் பாங்கான ஏரியாவுல நல்லா எடுபட்ட விஷயத்த அப்படியே இங்க கொண்டாந்தா இப்படித்தான். ஒரு குடம் தண்ணிய குழியில ஊத்தி எவ்வளவு நேரத்துல இறங்குதுன்னு பாருங்க, அதுவே சொல்லிடும்.

திருவாரூர் கொத்தனார் மகன்:
மேல சொன்னது சரி, ஆனா "மழைநீர் சேகரிப்பே வேஸ்ட்"னு யாரும் எடுத்துக்க வேணாம். உங்க ஊருக்கு பூமிக்குள்ள விடுறத விட தொட்டியில புடிச்சு வச்சுக்குறதுதான் சரி. கணக்கு சிம்பிள், ஒரு சதுர மீட்டர்ல ஒரு மில்லிமீட்டர் மழைன்னா ஒரு லிட்டர். உங்க மாடி கிட்டத்தட்ட 100 சதுர மீட்டர், அப்ப 1 செ.மீ. மழைக்கு 1000 லிட்டர், காத்துல போறது தளத்துல ஊறுறது எல்லாம் கழிச்சா 800ன்னு வைங்க. 2022 நவம்பர்ல உங்க ஊர்லயே ஒரே நாள்ல 44 செ.மீ. ஊத்துச்சே, அன்னைக்கு மட்டும் உங்க மாடியில 40 ஆயிரம் லிட்டருக்கு மேல விழுந்து வாய்க்கால்ல ஓடியிருக்கு!

குடிக்க சமைக்க நாலு பேருக்கு ஒரு நாளைக்கு 40 லிட்டர் போதும். தை தொடங்கி புரட்டாசி முடியுற வரைக்கும் 270 நாள், 11 ஆயிரம் லிட்டர்ல வருஷம் ஓடிடும். 8க்கு 8 அடி, தண்ணி ஆழம் 6 அடி, அவ்வளவுதான் தொட்டி. குளிக்க துவைக்க போர் தண்ணியே இருந்துட்டு போகட்டும்.

ஆனா முழுசா பூமிக்குள்ள சம்ப் போடாதீங்க, இத அடிச்சு சொல்றேன். கார்த்திகையில நிலத்தடி தண்ணி மேல ஏறி வரும்போது காலியா இருக்கிற சம்ப்ப படகு மாதிரி தூக்கிடும், அப்பா கட்டுன ஒண்ணு அப்படி தூக்கி தரை வெடிச்சுது, அதுக்கப்புறம் அவரு பாதிக்கு மேல தரைக்கு வெளியதான் கட்டுவாரு. இன்னொண்ணு, உங்க பக்கம் வெளிய இருக்கிறது உப்புத்தண்ணி, சின்ன விரிசல் இருந்தாலும் உள்ள கசிஞ்சு மொத்தமும் போச்சு. வேலைய சித்திரை வைகாசியில முடிச்சிடுங்க.

அப்புறம் முதல் மழை. மாடியில இருக்கிற காக்கா எச்சம், தூசி எல்லாம் அதுலதான் வரும், அத உள்ள விடக்கூடாது. சில பேரு ஒரு மீட்டர் நாலு இஞ்ச் பைப்புக்கு எண்ட் கேப் போட்டு "முதல் மழை அதுல தங்கிடும்"பாங்க, அந்த பைப்புல 8 லிட்டர்தான் புடிக்கும், உங்களுக்கு 1 மி.மீ. கழுவி விடவே 100 லிட்டர் வேணும். பழைய 100 லிட்டர் பேரல் ஒண்ணு வைங்க, இல்லன்னா பைப்புல ஒரு வால்வு போட்டு மொத பத்து பதினஞ்சு நிமிஷம் வெளிய திருப்பி விடுங்க. ஃபில்டருக்கு அடியில பெரிய ஜல்லி, அது மேல சின்ன ஜல்லி, மேல மணல், நடுவுல நைலான் வலை. வருஷா வருஷம் ஆவணியில மணல எடுத்து அலசணும், இதுலதான் எல்லாரும் கோட்ட விடுறாங்க.

வேதாரண்யம் அக்கா:
தம்பி எங்க கதை வேற, நாங்க மணல்ல இருக்கோம். நல்ல தண்ணி லேசு, உப்புத்தண்ணி கனம், அதனால மழை தண்ணி மணல்ல இறங்கி உப்பு மேல மெதந்துக்கிட்டு நிக்கும். எங்க வீட்டு உறைக்கிணறு 15 அடிதான், மாடித் தண்ணிய வடிகட்டி அதுலதான் விடுறோம், அரை ஹெச்பி மோட்டார்ல கொஞ்ச கொஞ்சமா எடுப்போம், குடிக்க அதுதான். ஆழமா போர் போட்டு பெரிய மோட்டார் வச்சு இழுத்தா கீழ இருக்கிற உப்பு மேல ஏறிடும், பக்கத்து மனையில அப்படி ஒருத்தர் இழுத்து அவருக்கும் கெட்டு எங்களுக்கும் ஒரு வருஷம் உப்பு தட்டுச்சு. உங்களுக்கும் 120 அடி போர் அதான் பண்ணியிருக்கும்னு தோணுது.

கஜா புயல் (2018) அப்ப வாரக்கணக்குல கரண்ட் இல்ல, கிணத்துல கயிறும் வாளியும் இருந்ததால தெருவே எங்க வீட்டுல தண்ணி எடுத்துச்சு. அதனால தொட்டி கட்டுனா மோட்டார மட்டும் நம்பாம கீழ ஒரு குழாயும் வச்சிடுங்க.

குடந்தைவாசி:
அக்கா சொன்னதும் ஞாபகம் வருது, எங்க பாட்டி வீட்டு முத்தத்துல மழை வந்தா ஓட்டு விளிம்புக்கு நேரா அண்டாவ வச்சு வாய்ல பழைய வேட்டிய கட்டிடுவாங்க, அந்த தண்ணியில பருப்பு வேகுற வேகம் இருக்கே! இப்ப முத்தத்துக்கே கம்பி போட்டு ஷீட் அடிச்சுட்டோம்.

கொள்ளிடக்கரையான்:
ரொம்ப நன்றிங்க. காலையில குடந்தை அண்ணன் சொன்ன மாதிரி ரெண்டடி குழி எடுத்து ஒரு குடம் ஊத்துனேன், சாயங்காலம் போய் பாத்தா அப்படியே நிக்குது, தவளை ஒண்ணு குடி வந்துடுச்சு. குழிய விட்டாச்சு, தொட்டிதான். ஒரே சந்தேகம், ஒம்பது மாசம் நின்னா தண்ணி கெட்டு போகாதா? அம்மா பயப்படுறாங்க.

திருவாரூர் கொத்தனார் மகன்:
வெளிச்சம் படக்கூடாது, பாசி பிடிக்காது. மூடி நல்லா உக்காரணும், ஓவர்ஃப்ளோ பைப் வாயில கொசு வலை கட்டாயம், டெங்கு கொசு நல்ல தண்ணியிலதான் முட்டை போடும். ரொம்புன உடனே 1000 லிட்டருக்கு ரெண்டரை கிராம் பிளீச்சிங் பவுடர், தனி வாளியில கரைச்சு தெளிவ மட்டும் ஊத்துங்க, மறுநாள்ல இருந்து எடுக்கலாம். குடிக்கிறதுக்கு காய்ச்சிடுங்கன்னு அம்மாட்ட சொல்லுங்க, அவங்களுக்கும் நிம்மதி.

வேதாரண்யம் அக்கா:
மாடிக்கு மேல முருங்கை கிளை ஏதும் வந்தா இப்பவே கழிச்சிடுங்க தம்பி, பூவும் கம்பளிப்பூச்சியும் பைப்ப அடைக்கும்.